தவணை குறைந்துவிட்டது என்று வங்கி சொல்கிறது. சந்தோஷப்படலாமா?

கூடுவாஞ்சேரிக்காரி | 2025 டிசம்பர், ஞாயிறு, இரவு 10.40

இரண்டு பிள்ளைகளையும் தூங்க வைத்துவிட்டு எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 அக்டோபரில் கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட் வாங்கினோம். கடன் 35 லட்சம், 20 வருடம், வட்டி 6.7 சதவீதம், தவணை 26,509. நானும் அவரும் சேர்ந்து வாங்கிய கடன். அப்போது மகளுக்கு மூன்று வயது, மகன் பிறக்கவில்லை. "வாடகையோடு இன்னும் பத்தாயிரம் போட்டால் சொந்த வீடு" என்று எல்லோரும் போடும் கணக்கைத்தான் நாங்களும் போட்டோம்.

2023 ஏப்ரலில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வட்டி 9.2 ஆகிவிட்டது, தவணை இனி 28,298. சரி, 1,800 ரூபாய்தானே என்று விட்டுவிட்டோம். அதே செய்தியில் கடன் காலமும் மாறியிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

போன வாரம் இன்னொரு செய்தி. வட்டி 7.95 ஆகக் குறைந்திருக்கிறது, ஜனவரி முதல் தவணை 25,306. மாதம் மூவாயிரம் மிச்சம்! அன்றைக்கு இரவு பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் ஆப்பைத் திறந்து கணக்கு அறிக்கையை முழுதாகப் பார்த்தேன்.

இதுவரை 50 தவணை கட்டியிருக்கிறோம். மொத்தம் 13 லட்சத்து 84 ஆயிரம். அசலில் குறைந்தது 1 லட்சத்து 77 ஆயிரம். மீதித் தவணை 309 என்று இருக்கிறது. 240 தவணைக்குக் கையெழுத்துப் போட்டு, 50 கட்டிய பிறகு 309 எப்படி மிச்சம் இருக்கும்? பரோட்டா அப்படியே தொண்டையில் நின்றது.

எங்கள் வரவு செலவையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கையில் வருவது 52,000, எனக்கு 34,000. மகனின் டேகேர் 8,500, மளிகையும் காய்கறியும் 14,000, பள்ளி வேன் 2,200, ஃபிளாட் பராமரிப்பு 3,200, பெட்ரோல், ரயில் சீசன் டிக்கெட் எல்லாம் சேர்த்து 5,500, மாமியார் மருந்து 4,000, ஊரில் என் அப்பா அம்மாவுக்கு 5,000, ஆபீஸ் சீட்டு 5,000, பால், கேஸ், கரண்ட், போன் எல்லாம் ஒரு 4,000. கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை என்று 3,500. பழைய தவணையோடு கூட்டினால் 83,000 தாண்டுகிறது. மிச்சம் மூவாயிரத்துக்கும் கீழே.

இந்த நிலையில் தவணை குறைவது வரமா, வலையா? குறைத்த தவணையை ஏற்றுக்கொள்ளவா, பழையதையே கட்டவா?

எக்செல் அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 11.25

309 எப்படி வந்தது என்று முதலில் பார்ப்போம். உங்கள் எண்களை ஷீட்டில் போட்டேன்.

வட்டி 9.2 ஆனபோது உங்கள் அசல் சுமார் 34.2 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டி மட்டும் 26,200. நீங்கள் கட்டிய தவணை 26,509. அசலுக்குப் போவது 300 ரூபாய்கூட இல்லை. அந்த வேகத்தில் கடன் முடிய 49 வருடம் ஆகும். அதனால் வங்கி இரண்டையும் செய்திருக்கிறது: காலத்தை மொத்தம் 30 வருடமாக நீட்டி, அதற்கு ஏற்றபடி தவணையை 28,298 ஆக்கிவிட்டது. 360-இல் அதுவரை போனது 18 மாதம் (கட்டிய தவணை 17), மீதி 342. அதில் நீங்கள் கட்டியது 33. ஆக 309. கூட்டல் கழித்தலில் தப்பு இல்லை, உங்களிடம் கேட்காததுதான் தப்பு.

இப்போது உங்கள் கேள்வி. மீதி அசல் 33.23 லட்சம். 7.95-இல் இந்த மாத வட்டி 22,017.

25,306 கட்டினால் அசலுக்குப் போவது 3,289. 309 தவணையில் முடியும்.
28,298 கட்டினால் அசலுக்குப் போவது 6,281. 228 தவணையில் முடியும்.

வித்தியாசம் 2,992 ரூபாய். அந்த 2,992 அசல் குறையும் வேகத்தைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்குகிறது, 81 தவணையை வெட்டுகிறது. மொத்தமாகக் கட்டும் தொகையில் 13 லட்சத்து 67 ஆயிரம் குறைகிறது. பழைய தவணையையே கட்டுங்கள். வேறு பேச்சே இல்லை.

உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன வயது?

கூடுவாஞ்சேரிக்காரி | ஞாயிறு, இரவு 11.31

38. எனக்கு 34. என் வயதைக் காட்டித்தான் 30 வருடத்துக்கு நீட்டினார்களாம், வங்கியில் போன் செய்தபோது சொன்னார்கள்.

எக்செல் அண்ணாச்சி | ஞாயிறு, இரவு 11.36

228 என்றால் அவருக்கு 57 வயதில் முடியும். 309 என்றால் 63 தாண்டி. தனியார் வேலையில் 58-க்கு மேல் சம்பளம் வரும் என்று யார் எழுதிக் கொடுக்கிறார்கள்?

காளைச்சந்தை | திங்கள், காலை 7.10

நான் மாற்றுக் கருத்து. 7.95 என்பது மலிவான கடன். அந்த மூவாயிரத்தைப் பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டில் எஸ்ஐபியாக, அதாவது மாதாமாதம், போட்டால் 12 சதவீதம் வரும். 19 வருடத்தில் அது எங்கேயோ போய் நிற்கும். கடனை அடைப்பதில் அவசரம் காட்டுவது நம் அப்பா காலத்துப் பயம். வரிச் சலுகையையும் இழக்கிறீர்கள்.

எக்செல் அண்ணாச்சி | திங்கள், காலை 8.02

வரிச் சலுகையா? அவர்கள் சம்பளத்தைப் பாருங்கள். இருவரில் யாருக்கும் ஆண்டு 12.75 லட்சம் வராது. புதிய வரி முறையில் வரியே பூஜ்யம். பிரிவு 24-இல் வட்டிக்கு 2 லட்சம், 80சி-இல் அசலுக்கு 1.5 லட்சம் என்பதெல்லாம் பழைய முறையில் இருப்பவர்களுக்கு. குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டிக்குப் புதிய முறையில் கழிவு கிடையாது. இல்லாத வரியில் எந்தச் சலுகையை இழக்கப் போகிறார்கள்?

7.95 மிச்சம் ஆவது நிச்சயம். 12 வருவது உங்கள் நம்பிக்கை. நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை.

காளைச்சந்தை | திங்கள், காலை 8.15

வரி விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அவசரத்தில் எழுதிவிட்டேன். எஸ்ஐபி விஷயத்தில் மாற்றமில்லை.

பனியன் நகரம் | திங்கள், காலை 9.40

அக்கா, இன்னொரு வழியும் இருக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் தரும் மிதக்கும் (ஏறி இறங்கும்) வட்டி வீட்டுக்கடன் எல்லாம் வெளி அளவுகோலோடு இணைந்தது, பெரும்பாலும் ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. உங்கள் வட்டி என்பது ரெப்போவும் வங்கியின் கூடுதல் சதவீதமும் சேர்ந்தது. 2021-இல் ரெப்போ 4, உங்கள் வட்டி 6.7. அப்படியானால் வங்கியின் பங்கு 2.7. இப்போது ரெப்போ 5.25, உங்களுக்கு 7.95. அதே 2.7.

போன மாதம் கடன் வாங்கிய என் தம்பிக்கு 7.35. அவனிடம் வாங்கும் பங்கு 2.1 தான். புது ஆளுக்கு ஒரு விலை, நாலு வருடம் ஒழுங்காகக் கட்டியவருக்கு ஒரு விலை. ஜவுளிக் கடையில் இப்படிச் செய்தால் சண்டை போடுவோம், வங்கியில் மட்டும் பேசாமல் இருப்போம். போய்க் கேளுங்கள். "குறைக்காவிட்டால் வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். நான் சொன்னேன், கொஞ்சம் கட்டணம் வாங்கிக்கொண்டு குறைத்தார்கள்.

உண்மையிலேயே மாற்றுவது கடைசி வழி. புது வங்கியில் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கருத்து, பழைய அடமானத்துக்கு ரசீது ஆவணம், புதிதாக மறுபடியும் பத்திர ஒப்படைப்புப் பதிவு என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு நடை. லீவு யார் போடுவது?

ஓய்வுபெற்ற காசாளர் | திங்கள், மாலை 6.20

முப்பத்து நான்கு வருடம் வங்கிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அண்ணாச்சி கணக்கு சரி. திருப்பூர்த் தம்பி சொன்னதும் சரி. ஆனால் ஒரு வரியை யாரும் பார்க்கவில்லை. "கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை 3,500." அம்மா, அந்தக் கார்டில் பாக்கி எவ்வளவு? எப்படி வந்தது?

கூடுவாஞ்சேரிக்காரி | திங்கள், இரவு 9.55

அதைக் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்தேன் சார்.

61,000. ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணம் 46,000, புத்தகம், சீருடை, ஷூ சேர்த்து 9,000. கையில் இல்லை, கார்டில் தேய்த்தோம். அதே சமயம் வண்டி இன்சூரன்ஸ் வந்தது. கொஞ்சம் அடைத்தோம். தீபாவளிக்கு மறுபடி ஏறியது, இரண்டாம் பருவக் கட்டணமும் அதிலேயே போனது. மாதம் 3,500 கட்டுகிறோம், பாக்கி அங்கேயே நிற்கிறது.

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், காலை 6.05

அங்கேயேதான் நிற்கும். கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதம். 61,000-க்கு 2,135. அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக 2,519. நீங்கள் கட்டும் 3,500-இல் பாக்கி குறைவது ஆயிரத்துக்கும் கீழே. நடுவில் ஒரு மளிகை பில்லைத் தேய்த்தால் அதுவும் போச்சு. பாக்கி இருக்கும்வரை புதிதாகத் தேய்ப்பதற்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே ஓட ஆரம்பிக்கும். இது பலருக்குத் தெரியாது.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வையுங்கள். வீட்டுக்கடனில் எல்லோரும் சண்டை போடுவது 2,992-க்கு, ஆண்டுக்கு 7.95 வட்டியில். கார்டில் நீங்கள் பேசாமல் கொடுப்பது 2,519, ஆண்டுக்கு 42 வட்டியில். எந்த ஓட்டையை முதலில் அடைப்பீர்கள்?

உங்கள் வீட்டைக் கவிழ்ப்பது வீட்டுக்கடன் இல்லை அம்மா, ஜூன் மாதம். என் கவுண்டரில் இதை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். மே கடைசி வாரம் வந்தால் நகைக்கடன் பிரிவில் வரிசை வாசல்வரை நிற்கும். எல்லாம் பிள்ளை பெற்றவர்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது யாருக்கும் திடீர்ச் செய்தி இல்லை. ஆனாலும் வருடா வருடம் அது விபத்து மாதிரிதான் வந்து மோதும், ஏனென்றால் மாதக் கணக்கில் அதற்கு ஒரு வரி கிடையாது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை, வண்டி இன்சூரன்ஸ் வருடத்துக்கு ஒரு முறை, குலதெய்வக் கோயில், மொய், தீபாவளி. எல்லாமே தேதி தெரிந்த செலவுகள்.

சீட்டு என்று எழுதியிருந்தீர்களே, எத்தனை மாதச் சீட்டு, எடுத்தாயிற்றா?

கூடுவாஞ்சேரிக்காரி | செவ்வாய், காலை 8.50

ரயிலில் இருந்து எழுதுகிறேன். ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு, 20 பேர், 20 மாதம். இந்த மாதம் 14-வது. இன்னும் எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தால் முழுசாக வரும், மகள் பெயரில் தங்கக் காசு வாங்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற காசாளர் | செவ்வாய், காலை 9.15

இந்த மாதமே எடுங்கள். 14-வது மாதத்தில் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) எவ்வளவு போகும்? எட்டாயிரம், பத்தாயிரம்? போகட்டும். கார்டுக்கு ஆறு மாதத்தில் அழும் வட்டி அதைவிட அதிகம். கார்டை ஒரே அடியாக அடையுங்கள். தங்கக் காசு எங்கும் ஓடிப்போகாது. சவரன் லட்சத்தைத் தொட்ட பிறகு இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

சீட்டு கைக்கு வரவில்லையென்றால் ஒரு வளையலை வங்கியில் வையுங்கள். வங்கி நகைக்கடன் 10 சதவீதம் என்று வைத்தாலும் 61,000-க்கு மாதம் 508 ரூபாய்தான். 2,519 எங்கே, 508 எங்கே.

இரவு ஷிப்ட் அப்பா | செவ்வாய், மதியம் 1.30

தூங்கி எழுந்து முழு இழையையும் படித்தேன். ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார்? கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது, கவலை ஒருவரிடம் மட்டும் இருப்பது போலத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் தலைகீழ். மனைவி பகலில் வேலை, நான் இரவு ஷிப்ட். யாராவது ஒருவர் பிள்ளைகளோடு இருப்பதால் டேகேர் செலவு இல்லை. கேட்க நன்றாக இருக்கும், வாரத்தில் நாலு நாள் நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வது வாசலில் சாவியைக் கைமாற்றும் இரண்டு நிமிடம். எட்டாயிரம் மிச்சம் பிடிக்க என்ன கொடுக்கிறோம் என்று எந்த எக்செல்லிலும் போட முடியவில்லை. அண்ணாச்சி மன்னிக்கவும்.

கூடுவாஞ்சேரிக்காரி | செவ்வாய், இரவு 10.20

தப்பாக நினைக்கவில்லை அண்ணா. அவருக்குத் தவணை எவ்வளவு என்று தெரியும், எத்தனை பாக்கி என்று தெரியாது. போன வாரம்வரை எனக்கும் தெரியாது, அதனால் அவரைத் திட்டவும் முடியவில்லை. நேற்று அந்த 309-ஐக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "பரோட்டா வாங்கிக் கொடுத்தது நீதானே" என்றார். சிரித்துவிட்டேன்.

டேகேரை நிறுத்தி நான் வேலையை விட்டால் என்ன என்று மாமியார் அடிக்கடி கேட்பார். 34,000 வரவை நிறுத்தி 8,500 செலவை மிச்சம் பிடிப்பது என்ன கணக்கு என்று கேட்டால் "பிள்ளைக்கு அம்மா கை சாப்பாடு" என்பார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலையை மட்டும் விடமாட்டேன்.

மதுரை நர்ஸ் | செவ்வாய், இரவு 11.50

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒரே ஒரு விஷயத்துக்காக எழுதுகிறேன்.

2021-இல் இரண்டாம் அலையில் என் கணவர் போய்விட்டார். வீட்டுக்கடன் 22 லட்சம் பாக்கி. கடன் வாங்கும்போது "காப்பீடு எடுத்தால்தான் கடன் சீக்கிரம் சாங்ஷன் ஆகும்" என்று ஒரே பிரீமியப் பாலிசி ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பிரீமியம், அதையும் கடனிலேயே ஏற்றிவிடுவார்களாம். இவர் கோபப்பட்டு வேண்டாம் என்றார். அந்தக் கோபம் நியாயம். அதற்குப் பதிலாக வெளியே ஒரு டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எடுப்போம் என்றார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருடம் போய்விட்டது.

வீட்டை விற்கவில்லை. அதை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். வாடகை, என் சம்பளம், இரட்டை ஷிப்ட். மகள் இப்போது பத்தாவது.

உங்கள் பட்டியலில் மருந்து இருக்கிறது, சீட்டு இருக்கிறது, இன்சூரன்ஸ் இல்லை. 33 லட்சம் கடன், இரண்டு பிள்ளைகள், இருவர் சம்பளத்தில் ஓடும் வீடு. இருவர் பெயரிலும் டேர்ம் பாலிசி வேண்டும். அவருக்கு மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள், உங்கள் 34,000 இல்லாமல் அந்தத் தவணை நகராது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து தனிநபர் ஆயுள் பாலிசிக்கும் மருத்துவப் பாலிசிக்கும் ஜிஎஸ்டி இல்லை. முன்பு 18 சதவீதம் இருந்தது. சாக்குச் சொல்ல அதுவும் போய்விட்டது.

கூடுவாஞ்சேரிக்காரி | புதன், காலை 6.15

அக்கா, படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. நன்றி. அவருக்கு ஆபீஸ் குரூப் பாலிசி இருக்கிறது என்று இதுவரை சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மதுரை நர்ஸ் | புதன், காலை 6.40

வேலை போனால் அதுவும் போகும். எடுங்கள்.

காளைச்சந்தை | புதன், காலை 7.30

மகள் பெயரில் செல்வமகள் கணக்கு இருக்கிறதா? பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். இப்போது 8.2 சதவீதம், வட்டிக்கு வரி கிடையாது. கடன் வட்டி 7.95. என் எஸ்ஐபி பிடிக்கவில்லையென்றாலும் இதை யாரும் மறுக்க முடியாது.

ஓய்வுபெற்ற காசாளர் | புதன், காலை 7.45

மறுக்கவில்லை. வருடம் 250 ரூபாய் போட்டுக் கணக்கை உயிரோடு வைத்திருக்கலாம். மற்றபடி அந்தப் பணம் மகள் பத்தாவது முடிக்கும்வரை அல்லது பதினெட்டு ஆகும்வரை கைக்கு வராது, வந்தாலும் படிப்புக்குப் பாதிதான். ஜூனில் 55,000 இல்லாமல் கார்டைத் தேய்க்கும் வீட்டுக்கு இன்றைக்கு வேண்டியது கைக்கு எட்டும் பணம். எஸ்ஐபிக்கும் அதையேதான் சொல்வேன். மே மாதம் முதல் ஆளாக அதைத்தான் உடைப்பார்கள்.

பனியன் நகரம் | புதன், காலை 10.10

சார், அப்படியானால் தவணையைக் குறைத்துக்கொண்டு அந்த 2,992-ஐ ஜூனுக்காக ஆர்டி (மாதாமாதம் போடும் வைப்பு) போடலாமே? கைக்கு எட்டும் பணம்தானே அது?

ஓய்வுபெற்ற காசாளர் | புதன், இரவு 8.30

நல்ல கேள்வி. இரண்டு நாளாக நானும் இதைத்தான் யோசித்தேன்.

காகிதத்தில் நடக்கும். வீட்டில் நடக்காது. தவணை என்பது ஐந்தாம் தேதி தானாகக் கழிந்துவிடும், யாரும் அதைத் தொட முடியாது. ஆர்டி என்பது "இந்த மாதம் மட்டும்" என்ற ஒரு வார்த்தையில் நிற்கும். குறைந்த தவணை ஒருமுறை பழகிவிட்டால் அதைத் திரும்ப ஏற்றுகிற குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய தொகை உங்களுக்கு ஏற்கெனவே பழகிவிட்டது, அதுவே பெரிய சொத்து.

ஜூன் பணம் வேறிடத்திலிருந்து வர வேண்டும். கார்டு அடைந்தால் அந்த 3,500 விடுபடுகிறது அல்லவா, அதை எடுங்கள். அப்போது வீட்டுச் செலவில் ஒரு ரூபாய்கூட மாறாது.

அண்ணாச்சி என்னோடு சண்டைக்கு வருவார், ஆனாலும் சொல்கிறேன்: சீட்டு எடுக்க முடியவில்லை, நகையும் இல்லை என்றால், கார்டு முடியும்வரை குறைந்த தவணையையே கட்டி, மிச்சத்தைக் கார்டில் போடுவதுதான் சரி.

எக்செல் அண்ணாச்சி | புதன், இரவு 8.52

சண்டைக்கு வரவில்லை. 42-க்கும் 7.95-க்கும் நடுவில் நான் எந்தப் பக்கம் நிற்பேன்? "வேறு பேச்சே இல்லை" என்று ஞாயிற்றுக்கிழமை எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கார்டு வரியை நான் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

போகிற போக்கில் ஒன்று. எப்போதாவது போனஸ் வந்து ஒரு லட்சம் சேர்த்துக் கட்டினால், 28,298 தவணையில் 228 என்பது 213 ஆகும். பதினைந்து தவணை, நாலு லட்சத்துக்கு மேல். தனிநபரின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனுக்கு முன்கூட்டிக் கட்டினால் அபராதம் கிடையாது. கட்டும்போது "தவணையைக் குறைக்காதே, காலத்தைக் குறை" என்று எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் மறுபடியும் இதே கதைதான்.

கூடுவாஞ்சேரிக்காரி | வியாழன், இரவு 9.40

தவணையைப் பழையபடி வைக்கச் சொன்னால் வங்கி கேட்குமா? போனில் கேட்டேன், "சிஸ்டம் தானாகவே செய்யும் மேடம், மாற்ற முடியாது" என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர் | வியாழன், இரவு 9.58

போனில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், நாங்களும் சொன்னோம். 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று கடன்தாரருக்குத் தேர்வு தர வேண்டும். எத்தனை தவணை மீதி, எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கையும் தர வேண்டும். உங்களுக்கு நீட்டியது அதே வருடம் ஏப்ரலில், சுற்றறிக்கைக்கு நாலு மாதம் முன்னால். உங்களைப் போல் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கேட்காமல் நீட்டிய பிறகுதான் அந்தச் சுற்றறிக்கையே வந்தது.

கிளைக்கு நேரில் போங்கள். எழுதிக் கொண்டுபோங்கள். இரண்டு பிரதி. ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் செய்யலாம், செலவு கிடையாது. கடிதம் இப்படிப் போதும்:

"என் வீட்டுக்கடன் கணக்கில் வட்டி 7.95 சதவீதமாகக் குறைக்கப்பட்டதையொட்டி மாதத் தவணை ரூ.25,306 ஆகக் குறைக்கப்பட்டுள்ளது. தவணையை முன்பிருந்த ரூ.28,298 ஆகவே வைத்து, கடன் காலத்தைக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். திருத்திய தவணை அட்டவணையை எழுத்துமூலம் தரவும். தற்போது புதிய கடன்தாரர்களுக்கு வழங்கப்படும் வட்டி விகிதத்துக்கு என் கணக்கை மாற்றுவதற்கான கட்டணத்தையும் தெரிவிக்கவும்."

கடன்தாரர் இருவரும் கையெழுத்திடுங்கள்.

கூடுவாஞ்சேரிக்காரி | இரண்டு வாரம் கழித்து, சனி, மாலை 4.30

நடந்ததைச் சொல்கிறேன்.

சீட்டு எடுத்துவிட்டேன். தள்ளு 9,000 போனது, கையில் 91,000. அன்றைக்கே கார்டில் 61,000 கட்டினேன். கார்டை வெட்டச் சொன்னார்கள் சிலர், வெட்டவில்லை. அலமாரியில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பட்டுப்புடவை எடுக்கும் நாளில் எப்படியும் செலவுதான், அதுவேறு விஷயம்.

வங்கிக்கு அரை நாள் லீவு போட்டு இருவரும் போனோம். முதல் மேஜையில் அதே "சிஸ்டம்" கதை. கடிதத்தை நீட்டி முத்திரை கேட்டதும் உள்ளே அனுப்பினார்கள். வட்டியை 7.60 ஆக்கித் தந்தார்கள், அதற்குக் கட்டணம் 5,900. தம்பிக்குக் கிடைத்த 7.35 எனக்குக் கிடைக்கவில்லை, "அது புது வாடிக்கையாளருக்கு மேடம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். ஜனவரித் தவணை குறைந்த தொகையிலேயே கழிந்துவிட்டது. பிப்ரவரியிலிருந்து மறுபடி 28,298. புது அட்டவணையில் மீதித் தவணை 216.

சீட்டுப் பணத்தில் கார்டும் கட்டணமும் போக 24,100 மிச்சம். "ஜூன்" என்று பெயர் போட்டுத் தனிக் கணக்கில் வைத்திருக்கிறோம். பிப்ரவரியிலிருந்து ஜூன்வரை மாதம் 3,500 வைத்தால் 17,500. மொத்தம் 41,600. பள்ளிக்கு வேண்டியது 55,000. இன்னும் 13,400 துண்டு விழும். ஏப்ரலில் அவருக்குச் சம்பள உயர்வு வருமா என்று பார்க்க வேண்டும். டேர்ம் பாலிசிக்கு அவருக்கு மருத்துவப் பரிசோதனை வரும் செவ்வாய்க்கிழமை, எனக்கு அடுத்த வாரம். அதன் பிரீமியமும் இந்தக் கணக்கில் வந்து உட்காரப் போகிறது, எங்கிருந்து என்று இன்னும் தெரியவில்லை.

எக்செல் அண்ணாச்சி | சனி, மாலை 4.48

7.95-இல் 28,298 கட்டியிருந்தால் இப்போது 228 பாக்கி இருந்திருக்கும். இப்போது 216. 5,900 கொடுத்து பன்னிரண்டு தவணை குறைந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், நல்ல பேரம்.

மதுரை நர்ஸ் | சனி, இரவு 9.10

பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் போகச் சொல்லுங்கள் அவரை. முந்தின இரவு பரோட்டா வேண்டாம்.

ஓய்வுபெற்ற காசாளர் | ஞாயிறு, காலை 6.10

அட்டவணையைக் காகிதத்தில் வாங்கினீர்களா, ஆப்பில் பார்த்தீர்களா?

கூடுவாஞ்சேரிக்காரி | ஞாயிறு, காலை 9.25

காகிதத்தில், முத்திரையோடு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன் சார். மகள் அதில் 216 கட்டம் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள்.